தன்பாலீர்ப்புள்ள ஒருத்தி யாழ்ப்பாணத்தில் விட்ச்சாக இருக்க முடியுமா?

உங்கள் கேள்வியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. "யாழ்ப்பாணத்தில் வீட்டோடு இருக்கும் தன்பாலீர்ப்புள்ள பெண் நான். விக்கா, விட்ச்கிராஃப்ட் பற்றி இணையத்தில் பார்த்து மனம் அங்கேயே போகிறது. அங்கே எங்களைப் போன்றவர்கள் ஏன் இவ்வளவு பேர்? எங்கள் ஊரில் இது சரிவருமா? எப்படித் தொடங்குவது?" என்று கேட்டிருந்தீர்கள். பத்து வருடத்துக்கு முன் எனக்கும் இதே கேள்விதான். கேட்க ஆள் இருக்கவில்லை.

நானும் இந்த ஊர்தான். முதலில் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். விட்ச்கிராஃப்ட் என்பது மந்திரமும் சடங்கும் சேர்ந்த ஒரு வழி, அதைச் செய்பவர் விட்ச்; அதை ஒட்டி மேற்கில் இந்தக் காலத்தில் உருவான மதம்தான் விக்கா. ஆனால் சூனியம் என்ற சொல்லைக் கடக்காமல் எங்கள் ஊரில் விட்ச்கிராஃப்ட் பற்றிக் கதைக்க முடியாது.

எனக்கு அப்போது 24 வயது. மூன்றாவது சம்பந்தத்தையும் வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா என்னை ஒரு மந்திரவாதியிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஆளின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். என் பெயர், நட்சத்திரம் கேட்டார். வெற்றிலையில் மை தடவிப் பார்த்தார். தேசிக்காய் வெட்டினார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளைக்குச் செய்வினை செய்திருக்கு. உங்கடை வீட்டுக்கு வந்து போற பொம்பிளைப் பிள்ளைதான் செய்தது. சாப்பாட்டிலை வைச்சுக் குடுத்திருக்கு. கிணத்தடியிலை தகடும் தாட்டிருக்கு."

எங்கள் வீட்டுக்கு வந்து போகிற பிள்ளை ஒருத்திதான். நான் நேசித்தவள். ஆவணி, புரட்டாதியில் தன் கையால் சுட்ட பனங்காய்ப் பணியாரத்தைப் பேப்பரில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு வருவாள். அதைத்தான் அவர் வசியம் என்றார்.

கிணற்றடியைக் கிண்டினார்கள். தலைமயிர் சுற்றிய செப்புத் தகடு ஒன்று வந்தது. கிண்டியது மந்திரவாதியோடு வந்த பையன். அம்மாவின் ஒரு சோடிக் காப்பு அடகுக்குப் போனது. 48 நாளைக்குக் கழற்றக் கூடாது என்று சொல்லி என் கையில் கறுப்பு நூல் கட்டினார்கள். ஒழுங்கை முழுவதும் கதை பரவியது. அதற்குப் பிறகு அவள் எங்கள் படலைக்குள் கால் வைக்கவில்லை.

அம்மாவில் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. தன் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. "இது பிள்ளையின் பிழை இல்லை, யாரோ செய்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னபோது அதைப் பிடித்துக்கொண்டார். அதில் ஒரு தாயின் அன்பும் இருக்கிறது. ஆனால் என்னைக் காப்பாற்றுவதற்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையைச் சூனியக்காரி ஆக்கினார்கள். அதை என்னால் இன்றும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, இணையத்தில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு "நான் ஒரு விட்ச், நான் ஒரு லெஸ்பியன்" என்று ஒரே மூச்சில் சொல்வதைப் பார்த்தேன். என்னவள் மேல் எறிந்த கல் இரண்டும் அந்தச் சொற்கள்தான். அங்கே ஒருத்தி அவற்றைப் பொட்டு மாதிரி நெற்றியில் வைத்திருந்தாள். அன்றுதான் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

சரி, எங்களைப் போன்றவர்கள் அங்கே ஏன் இவ்வளவு பேர்? எனக்குத் தெரிந்தது இதுதான். பிறந்த மதம் எங்களைக் கைவிட்டாலும் கும்பிட வேண்டும் என்ற ஆசை எங்களை விட்டுப் போவதில்லை. விட்ச்கிராஃப்டில் தனியாக, ஒரு விளக்கோடு, யாரிடமும் உத்தரவு கேட்காமல் தொடங்கலாம். உடம்பைப் பாவம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஆனால் அந்த வாசல் எங்களுக்காகத் திறந்தே கிடந்தது என்று நினைக்காதீர்கள். இன்றைய விக்காவுக்கு வடிவம் கொடுத்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1884இல் பிறந்தவர். 1900இல், 16 வயதில், தேயிலைத் தோட்டத்தில் வேலை பழக வந்தது எங்கள் இலங்கைக்குத்தான். பிறகு மலாயாவில் பல வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். எங்கள் பூட்டன்மார் கிளாக்கர் வேலைக்கு மலாயா போன காலம் அது. இதை வாசித்தபோது தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் அவர் இன்றைய விட்ச்கள் பற்றித் தன் நூலை வெளியிட்டார்.

அவருடைய வழியில் ஒரு தேவி, கொம்புள்ள ஒரு தேவன், ஆணும் பெண்ணுமாகச் சோடி சேர்ந்த சடங்கு. தீட்சையும் ஆணிடமிருந்து பெண்ணுக்கு, பெண்ணிடமிருந்து ஆணுக்கு என்றுதான் போகும். தன்பாலீர்ப்பு அவருக்குப் பிடித்த விடயம் இல்லை. ஆகவே எங்கள் ஆட்கள் தங்களுக்கான இடத்தைத் தாங்களே கட்ட வேண்டியிருந்தது. 1977இல் நியூயோர்க்கில் எடி புச்சின்ஸ்கி, ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்காக மினோவன் சகோதரத்துவம் என்ற வழியைத் தொடங்கினார். அதற்கும் முன், 1971இல், லொஸ் ஏஞ்சலிஸில் ஸெட் புடபெஸ்ட் பெண்களுக்கு மட்டுமான ஒரு குழுவைத் தொடங்கினார். டயானிக் என்று சொல்லும் அந்த வழியில் எத்தனையோ லெஸ்பியன் பெண்கள் நிம்மதி கண்டார்கள்.

என்னை மிகவும் நோகடித்த பகுதியும் அங்கேதான் இருக்கிறது. 2011இல் கலிபோர்னியாவில் பாந்தியாகொன் என்ற பெரிய ஒன்றுகூடலில், டயானிக் வழி வந்த ஒரு குழு நடத்திய சடங்கில் திருநங்கையருக்கு இடம் கொடுக்கவில்லை. வெளியே நின்று பழகியவர்கள் தங்களுக்கென்று ஒரு கோயில் கட்டி, அதன் வாசலில் இன்னொருத்தியை மறித்தார்கள். கோயில் வாசலில் ஆட்களை மறிப்பது என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வாதம் வீண்போகவில்லை என்பது ஆறுதல். சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ரிக்ளெய்மிங் என்ற வழி, 2012இல் தன் கொள்கை வாசகத்தையே மாற்றி, தேவி ஒன்று தேவன் ஒன்று என்று இல்லாமல் பல பாலினத் தெய்வங்களுக்கும் அதில் இடம் வைத்தது.

எங்கள் ஊருக்கு வருவோம். என் அம்மம்மா தன்னை ஒருநாளும் மந்திரக்காரி என்று சொன்னதில்லை. ஆனால் ஒழுங்கையில் பிள்ளை விடாமல் அழுதால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். செத்தல் மிளகாய், உப்பு, வேப்பிலை, மூன்று தரம் சுற்றி அடுப்பில் போடுவார். நாவூறு கழிந்துவிட்டது என்பார். வளவு மூலையில் வேப்பமரத்தடியில் வைரவர் சூலம். அதற்கு ஐயர் கிடையாது. வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பது அம்மம்மா.

இப்படியானவை ஏன் வளவு மூலையில் கிடக்கின்றன என்று பிறகுதான் விளங்கியது. ஆறுமுக நாவலர் (1822–1879) ஆகமத்துக்கு ஒவ்வாதவை என்று கண்ணகை வழிபாட்டையும் ஊர்த் தெய்வங்களுக்கு உயிர்ப்பலி இடுவதையும் கண்டித்தார். காலப்போக்கில் பல கண்ணகை அம்மன் கோயில்கள் இராசராசேசுவரி, புவனேசுவரி என்று பெயர் மாறின. பலி நின்றது நல்லது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பெண்கள் கையில் இருந்த எத்தனையோ அந்தத் துப்புரவாக்கலில் பின்வளவுக்குப் போய்விட்டன.

எனக்கு ஒரு திருநங்கைத் தோழி இருக்கிறாள். காளி கோயில் திருவிழாவில் அவளுக்குக் கலை வரும். பறை முழங்க அவள் ஆடும்போது, பஸ் தரிப்பிடத்தில் அவளைப் பகிடி பண்ணிய அதே ஆட்கள் கைகூப்பி வாக்குக் கேட்பார்கள், திருநீறு வாங்குவார்கள். கலை இறங்கியதும் அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. "அம்மன் எனக்குள்ளை வாறா. நான் ஆரெண்டு அவவுக்குத் தெரியும்" என்பாள். விட்ச்கிராஃப்ட் பற்றி நான் வாசித்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு பேச்சில் எனக்கு விளங்கியது கூட.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில், தன்பாலீர்ப்புள்ளவர்களின் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் நடந்த திருத்தம் அதைத் தளர்த்தவில்லை, பெண்களையும் உள்ளே இழுத்தது. 2023 மே மாதம், அந்தப் பிரிவுகளை மாற்ற வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் அல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனால் சட்டம் மாறவில்லை. வானவில் கொடியோடு எங்கள் ஆட்கள் யாழ் நகர வீதியில் நடந்திருக்கிறார்கள் என்பது உண்மை. அதற்காக நீங்கள் நாளைக்கே வீட்டில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று இல்லை. வீட்டை நம்பி இருக்கும்வரை, மண்டை ஓட்டுப் படம், கறுப்பு மெழுகுதிரி, பொம்மை எதுவும் அறையில் வேண்டாம். யாராவது கண்டால் செய்வினை என்றுதான் எடுப்பார்கள், அந்தப் பழி உங்களோடு நிற்காது, நீங்கள் நேசிப்பவள் மேலும் போகும். காசு கேட்டுத் தீட்சை தருகிறேன் என்பவர்களிடமும் போக வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து வெள்ளைச் சேஜ் இலை வரவழைக்கவும் தேவையில்லை. அது அங்குள்ள பூர்வகுடிகளின் பொருள். எங்களுக்குச் சாம்பிராணி இருக்கிறது. பருவங்களை ஒட்டி விக்காக்காரர் கொண்டாடும் எட்டுத் திருநாள் சக்கரமும் இங்கே பொருந்தாது. அவர்கள் இறந்தவர்களை நினைக்கும் ஒக்டோபர் 31இல் அங்கே இலை உதிர்ந்து நிலம் அடங்கும், எங்களுக்கோ அப்போதுதான் மாரி தொடங்கி வயல் பச்சை பிடிக்கும். நான் இறந்தவர்களை நினைப்பது சித்திரா பௌர்ணமியில். தாயை இழந்தவர்கள் விரதம் இருந்து சித்திரைக் கஞ்சி காய்ச்சும் நாள் அது. நான் அம்மம்மாவுக்கும், தங்கள் ஆசையை ஒருவருக்கும் சொல்லாமல் செத்துப்போன என்னைப் போன்ற பெண்களுக்கும் சேர்த்து, வைரவரடியில் ஒரு சிரட்டை கஞ்சி வைப்பேன். அவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. "என்ரை ஆக்கள்" என்று சொல்லித்தான் வைப்பேன்.

எப்படித் தொடங்குவது என்று கேட்டீர்கள். நான் தொடங்கியதைச் சொல்கிறேன். நூல் கட்டி 31ஆவது நாள், எல்லோரும் படுத்த பிறகு, அம்மம்மாவின் பாக்குவெட்டியால் அதை அறுத்தேன். தகடு எடுத்த குழி சரியாக மூடாமலே கிடந்தது. நூலை அதற்குள் போட்டேன். அவள் பெயரைச் சொல்லி, அவளுக்கு ஒரு கேடும் வரக் கூடாது என்று சொல்லி, மண்ணைத் தள்ளி மூடினேன். மேலே ஒரு செவ்வரத்தைத் தடியை ஊன்றி, வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். விக்கா என்ற சொல்லே அப்போது எனக்குத் தெரியாது.

அந்தச் செவ்வரத்தை இப்போது கிணற்றுக் கட்டைவிட உயரம். அம்மா காலையில் சுவாமி அறைக்கு அதில்தான் பூப் பிடுங்குகிறார்.