டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்குப் பிறகு விந்தணு பூஜ்யம்: பதில்

பெங்களூரு மாரத்தஹள்ளி ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டீர்கள், இப்போது ரிப்போர்ட்டில் விந்தணு பூஜ்யம், ஆண் ஹார்மோன் கூடினால் விந்தணுவும் கூடத்தானே வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை நண்பரே, நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து ஊசி ஏறியதும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, விரையை இயக்கும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் குறைத்துவிடும். எல்ஹெச் குறைந்தால் விரையின் லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதும் படுத்துவிடும், ரத்தத்தில் அளவு எகிறி நின்றாலும் விரைக்குள் வறண்டுபோகும். அங்கே ரத்தத்தைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் இருந்தால்தான், வளரும் அணுக்களைச் செவிலித்தாய் மாதிரிப் பேணும் செர்டோலி செல்கள் அவற்றை முதிரவைக்க முடியும். விந்தணுவின் மூல செல்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும், அதனால் பலருக்குத் திரும்ப வருகிறது. ஆனால் விந்தணு உருவாகும் ஒரு சுற்றுக்கே சுமார் 74 நாள், முழுதாகத் தேற மாதக்கணக்கில் ஆகலாம். அடுத்த ஊசிக்கு முன்னால் ஓர் ஆண்ட்ராலஜி (ஆண்களின் இனப்பெருக்க நலம்) மருத்துவரைப் பாருங்கள், போட்ட மருந்தின் பெயரை மறைக்காதீர்கள், தயவுசெய்து.