மங்கலுக்குக் காரணம் படிகத்தின் தடிப்பு

வணக்கம். 100 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள, சீரியம் கலந்த யாக் (YAG, இத்திரியம் அலுமினியம் கார்னெட்) படிகத்தில் எக்ஸ் கதிர் எழுப்பும் ஒளியை, எண்துவாரம் (வில்லை எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைத் திரட்டுகிறது என்பதன் அளவு) 0.4 உள்ள பொருள்வில்லையால் படமெடுக்கும்போது படம் மங்குவதாக எழுதியிருந்தீர்கள். வில்லையில் குறை இருப்பதாக நான் கருதவில்லை. படிகத்தின் முழுத் தடிப்பிலும் ஒளி எழுகிறது. ஆனால் அந்த வில்லை ஒரு சில மைக்ரோமீற்றர் ஆழத்தை மட்டுமே கூர்மையாகக் காட்டக்கூடியது என்பதால், எஞ்சிய ஒளி குவியத்துக்கு வெளியே நின்று படத்தின் மேல் மெல்லிய திரைபோல் படர்ந்துவிடுகிறது. 10 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள படிகத்துக்கு மாறுங்கள். ஒளி குறையும், ஆகவே படமெடுக்கும் நேரத்தை நீட்ட வேண்டிவரும். கூடுதல் ஒளிக்காக, எக்ஸ் கதிர் பட்டால் ஒளிரும் இன்னொரு படிகமான சீசியம் அயடைட்டை நாட வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சுவதால் கொழும்பின் ஈரக்காற்று அதற்கு ஆகாது. கமெரா எக்ஸ் கதிரின் நேர்பாதையில் இருந்தால், கதிர் அதில் படாதிருக்க, 45 பாகையில் ஓர் ஆடியை வைத்து ஒளியை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள்.