லார்டால் சுரங்கப்பாதையில் சைக்கிள் போகாது

அன்புள்ள ஐயா,

ஜூன் முதல் வாரம் நார்வேயில் தனியாகச் சைக்கிள் பயணம் போகிறேன். ஓஸ்லோவிலிருந்து ஹௌகஸ்தோல் வரை ரயில். பிறகு ராலர்வேகன் பாதையில் ஃபின்சே, மிர்தால் வழியாக ஃப்ளோம். அங்கிருந்து ஆர்லாந்து, லார்டால். தினமும் 100 கிலோமீட்டர் என்று கணக்கு. சமதளத்தில் அவ்வளவு ஓட்டிப் பழக்கமுண்டு. என்ன டயர் போடலாம்?

முரளி

அன்புள்ள முரளி,

டயர் கிடக்கட்டும், முதலில் தேதியை மாற்றுங்கள்.

ராலர்வேகன் என்பது பெர்கன் ரயில்பாதை போட்டபோது தளவாடங்களைக் கொண்டுபோக வெட்டிய மண்சாலை. ரயில்பாதை வேலைக்கு இடம்விட்டு இடம் போன கூலியாட்களுக்கு ‘ராலர்’ என்று பெயர். 1909இல் ரயில் ஓடத் தொடங்கியது. அவர்களுடைய சாலை இன்று சைக்கிள்காரர்களுக்கு வாய்த்திருக்கிறது. ஃபின்சே 1222 மீட்டர் உயரம். அதைத் தாண்டி ஃபாகர்வாட்ன் அருகே 1343 மீட்டர். ஜூலை நடுவிலும் அங்கே பனி கிடக்கும். ஜூன் கடைசியில் போன நான் முழங்கால் புதையும் பனியில் சைக்கிளைத் தோளில் தூக்கி இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, வந்த வழியே ஃபின்சேக்குத் திரும்பி அசட்டுச் சிரிப்போடு ரயிலேறினேன். ஆகஸ்டில் போங்கள்.

அடுத்து லார்டால். வரைபடத்தில் நேர்க்கோடாகத் தெரிவது 24.5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை. சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. உங்களுக்கு உள்ளது மேலே போகும் ஆர்லாந்துஃபியெல் மலைச்சாலை. தூரம் சுமார் 48 கிலோமீட்டர்தான், ஆனால் 1306 மீட்டர் ஏறி இறங்க வேண்டும். ஆர்லாந்து இருப்பது ஃபியோர்டின் கரையில். ஃபியோர்டு என்பது மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடலின் கை அல்லவா? கரையில் தூங்கி எழுந்தால் ஒவ்வொரு மலையையும் பூஜ்ஜியத்திலிருந்து ஏற வேண்டியிருக்கும். அன்றைக்கு 48 ஓட்டினாலே போதும், உங்கள் 100 கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு எத்தனை மீட்டர் ஏற்றம் என்று புதிதாக எழுதுங்கள்.

ஃப்ளோமிலிருந்து மேற்கே போனாலும் இதே கதை. குட்வாங்கன் பக்கம் உள்ள 11.4 கிலோமீட்டர் சுரங்கப்பாதையிலும் சைக்கிள் கூடாது. நெரோய்ஃபியோர்டு வழியே படகில்தான் போக வேண்டும். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம் அது. தடை போட்டவர்களுக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

தங்கும் செலவுக்குப் பயப்படாதீர்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயல் அல்லாத திறந்த வெளியில், வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போடலாம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி வாங்கிவிடுங்கள்.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மிர்தாலுக்குக் கீழே 21 கொண்டை ஊசி வளைவுகள், சரளைக் கல். அங்கே நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன், நீங்களும் தள்ளலாம். மாற்று பிரேக் கட்டை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.