மாமனார், மாமியாரோடு இம்டினா: 390 யூரோ வேன் தேவையா?

கேள்வி: மால்டாவில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். கணவருக்கு ஓட்டல் சமையலறையில் வேலை. பிள்ளைகள் இருவரும் இங்கேயே பள்ளியில் படிக்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். ஒருநாள் பழைய ஊர்களைக் காட்டலாம் என்று ஏஜென்சியில் விசாரித்தேன். இம்டினா, ஹஜர் இம் கற்கோயில், வலேட்டா மூன்றையும் ஒரே நாளில் காட்ட, ஆறு பேருக்கு வேன், கைடு, நுழைவுச்சீட்டு, சாப்பாடு சேர்த்து 390 யூரோ கேட்கிறார்கள். ஊரில் 3 லட்சம் ரூபாய் நகைக்கடன் 10% வட்டியில் ஓடுகிறது. "அதை வைத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டுமா?" என்கிறார் கணவர். தன் கார்டிலேயே கட்டிவிடுவதாக மாமனார் சொல்கிறார். மாமியாருக்கு மூட்டுவலி உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: போய் வாருங்கள். வேன் மட்டும் வேண்டாம். நீங்கள் அங்கே குடியிருப்பவர்கள். ஏஜென்சி சொல்வது சுற்றுலாப் பயணிக்கான விலை.

நுழைவுச்சீட்டிலிருந்து தொடங்குவோம். மால்டாவில் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, பழஞ்சின்னங்களைப் பார்த்துக்கொள்ளும் ஹெரிட்டேஜ் மால்டா நிறுவனம் இலவசமாக 'பாஸ்போர்ட்' என்ற அனுமதிப் புத்தகம் ஒன்றைக் கொடுக்கிறது. அதைக் காட்டினால் ஒரு பிள்ளையோடு பெரியவர்கள் இரண்டு பேரும் கட்டணமில்லாமல் உள்ளே போகலாம். உங்களுக்கு இரண்டு பிள்ளைகள், கூடவே நான்கு பெரியவர்கள். கணக்கு அப்படியே பொருந்துகிறது! பாஸ்போர்ட் புத்தகப்பையில் எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பள்ளியில் கேளுங்கள். ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியம் என்ற கற்கால நிலத்தடிக் கல்லறைக்கு மட்டும் இது செல்லாது. மணிக்குப் பத்துப் பேரைத்தான் அங்கே விடுகிறார்கள், பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது பஸ். பெயர் பதிந்த தல்லின்யா என்ற பஸ் அட்டை வைத்திருப்பவர்களுக்கு 2022 அக்டோபரிலிருந்து பஸ் இலவசம். உங்கள் நால்வருக்கும் அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாமனார், மாமியார் இருவருக்கு மட்டும் தலைக்கு 2.50 யூரோ. அந்த டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும் என்பதால், வலேட்டாவில் இறங்கி 51, 52, 53 இவற்றில் ஒன்றுக்கு மாறினாலும் இன்னொரு டிக்கெட் வேண்டாம். இம்டினாவை ஒட்டிய ரபாத் ஊரில் இறங்கினால் இம்டினா கோட்டை வாசல் சில நிமிட நடை.

மூன்று இடங்களை ஒரே நாளில் திணிப்பது மூட்டுவலிக்காரருக்குத் தண்டனை. இம்டினாவும் ரபாத்தும் போதும். ரோமானியர் காலத்தில் இவை தனித்தனி ஊர்களே அல்ல. இரண்டையும் தொட்டுக்கொண்டு மெலிட்டே என்ற ஒரே நகரம் இருந்தது. 1530-ல் செயின்ட் ஜான் வீரர்கள் என்ற கிறிஸ்தவ மதவீரர்கள் வந்து துறைமுகத்தின் பக்கம் குடியேறும் வரை தீவின் தலைநகரமும் இதுவே. இம்டினாவின் சந்துகளில் நடக்கக் கட்டணம் எதுவும் இல்லை. மதில்மேல் நின்றால் தீவில் பாதி தெரியும். மதிலுக்கு வெளியே டோமுஸ் ரொமானா இருக்கிறது. 1881-ல் தோண்டும்போது கிடைத்த பணக்கார வீடு, தரையில் மொசைக் ஓவியங்கள். அங்கிருந்து சற்று நடந்தால் செயின்ட் பால் நிலத்தடிக் கல்லறைகள். நகருக்குள் பிணம் புதைக்க ரோமானியச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, அதனால் மெலிட்டேயின் மதிலுக்கு அப்பால் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். இறந்தவர் நினைவாக உறவினர் கூடி உண்ண, பாறையிலேயே வட்டமாக மேசையும் செதுக்கியிருக்கிறார்கள். திவசச் சாப்பாடு அறிந்த உங்கள் மாமனாருக்கு இதை விளக்க கைடு எதற்கு? அங்கே படிகள் செங்குத்து. மாமியார் மேலேயே உட்கார்ந்திருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு 70 யூரோ ஒதுக்குங்கள். மதில்மேல் உள்ள கஃபேக்களில் காட்சிக்கும் சேர்த்தே விலை. ரபாத்தில் பட்டாணி வைத்த பஸ்டிட்ஸி பலகாரம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பெரியவர்கள் சைவமென்றால் கேட்டு வாங்குங்கள், மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு. பிள்ளைகள் வாசலில் நிற்கும் குதிரைவண்டிக்கு அடம் பிடிப்பார்கள். ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசிவிடுங்கள்.

போகும்போது பெரியவர்களுக்கு பஸ் 5, சாப்பாடு 70, பிள்ளைகளின் ஆசைக்கு 30, திரும்பும்போது பெரியவர்களுக்கு டாக்ஸி 25. மொத்தம் 130 யூரோ. டாக்ஸியில் கைவைக்காதீர்கள், அன்று அவசியமான செலவு அது ஒன்றுதான். மிச்சம் 260 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 26,000 ரூபாய். நகைக்கடன் அசலில் அதைக் கட்டினால் ஆண்டு வட்டி 30,000-லிருந்து 27,400 ஆகிறது. உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இவ்வளவுதான், ஆனாலும் இவ்வளவு இருக்கிறது. இதைத் தனியாக அனுப்பி இன்னொரு முறை அனுப்புக் கட்டணம் கொடுக்காமல், மாதாமாதம் அனுப்பும் பணத்தோடு சேர்த்து அனுப்புங்கள். அசலில் பகுதித் தொகையை ஏற்பார்களா, அல்லது வட்டியில்தான் வரவு வைப்பார்களா என்று வங்கிக் கிளையில் முதலில் கேளுங்கள். திட்டத்துக்குத் திட்டம் இது மாறும்.

மாமனாரின் கார்டு வேண்டாம். இந்திய கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பல வங்கிகள் 3.5% வரை மார்க்கப் என்ற கூடுதல் கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் போடுகின்றன. தப்பித்தவறி எங்காவது தேய்த்தாலும், "ரூபாயிலா, யூரோவிலா" என்று மிஷின் கேட்கும்போது யூரோவையே அழுத்தச் சொல்லுங்கள். ரூபாயை அழுத்தினால் கடைக்காரரின் வங்கி சொல்வதுதான் ரேட். கொடுத்தே தீருவேன் என்று நின்றால், ஊருக்குத் திரும்பியதும் அந்தத் தொகையை நகைக்கடன் கணக்கில் ரூபாயாகக் கட்டட்டும். ரசீதை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.