பதின்ம வயதில் மனச்சோர்வும் அடாவடியும் இருந்தால் பிற்காலத்தில் போதைக்கு அடிமையாகிவிடுவார்களா?

உங்கள் அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான், கிளாஸ் கட் அடிக்கிறான், தூங்குவதில்லை, வீட்டில் எரிந்து விழுகிறான், பின்னால் குடிகாரனாகிவிடுவானோ என்று பயப்படுகிறீர்கள். நான் டாக்டர் இல்லை. பதினாறு வருடம் குடித்துவிட்டு, ஆறு வருடமாகத் தொடாமல் இருக்கிறவன்.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்தார். நான் அழவில்லை. ‘தைரியமான பையன்’ என்றார்கள். அடுத்த வருடமே வாத்தியார் வண்டியில் காற்றைப் பிடுங்கினேன், ஒருவன் மண்டையை உடைத்தேன். டிசி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ராத்திரி மூன்று மணி வரை மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பேன் என்பது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. டிசி வாங்கியதும் பழைய சிநேகிதர்கள் வருவது நின்றது. மிச்சம் இருந்தது லேத் பட்டறை செட்டுதான், எல்லாரும் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்கள். முதல் பீர் அங்கேதான். அவர்கள் ஜாலிக்குக் குடித்தார்கள். எனக்கோ பல மாதம் கழித்து அன்றுதான் தூக்கம் வந்தது. கல்யாணம் ஆனதும் அவர்களில் பலர் தீபாவளி, பொங்கல் என்று குறைத்துக்கொண்டார்கள். என்னால் முடியவில்லை.

குடியை நிறுத்திய பிறகுதான் இதைப் பற்றியெல்லாம் படித்தேன். நியூசிலாந்தின் டுனிடின் ஊரில் 1972-73இல் பிறந்த ஆயிரம் சொச்சம் குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். அந்த ஆய்வில் வேலை பார்த்த உளவியலாளர் டெரி மாஃபிட் 1993இல் சொன்னது: பதின்ம வயதில் மட்டும் அடாவடி செய்கிறவர்களே அதிகம், பெரும்பாலும் வயது ஏற ஏற அடங்கிவிடுவார்கள், சின்னக் குழந்தையிலேயே ஆரம்பித்து விடாமல் தொடரும் சிலரிடம்தான் கவலைப்பட வேண்டும். பின்னாளில் இந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமாக வரவில்லை, அடங்கியதாக நினைத்தவர்களில் சிலருக்கும் இருபதுகளில் போதைப் பிரச்சினை இருந்தது. (என் செட்டைப் பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.)

இன்னொன்று. பிற்காலப் போதையோடு அதிகம் ஒட்டிப் போவது அடாவடிதான். மனச்சோர்வு மட்டும் இருந்தால் தொடர்பு அதைவிடப் பலவீனம். சோகமாக இருக்கிறவனெல்லாம் குடிகாரன் ஆவதில்லை. சோகத்துக்கு மருந்தாகக் குடிக்கிறார்கள் என்ற கருத்தை 1985இல் கன்சியன் என்ற மனநல மருத்துவர் எழுதினார். என் விஷயத்தில் அது பாதி உண்மை. பாட்டிலை என் கையில் கொடுத்தது சோகம் இல்லை, சேர்க்கை. கீழே வைக்க விடாததுதான் சோகம். அப்புறம் குடியே சோர்வை ஏற்றிவிட, எது முதலில் வந்தது என்றே மறந்துவிட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த ‘எரிந்து விழுகிறான்’ என்பதைத்தான். பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவே வரலாம், டாக்டர்கள் அதையும் அறிகுறியாகக் கணக்கில் எடுப்பார்கள். வீட்டில் அதற்குப் பெயர் திமிர்.

பள்ளியில் டிசி பேச்சு வந்தால் கையைக் காலைப் பிடித்தாவது நிறுத்துங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ‘செத்துப்போகலாம்’ என்கிற மாதிரி எதுவும் சொன்னால் தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். பையில் கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலை) கிடைத்தால் அடிக்காதீர்கள், யார் கொடுத்தது என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், ராத்திரி தூக்கம் வராதபோது என்ன செய்கிறான் என்று கேளுங்கள். கட் அடித்த கதையை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.