மஜ்ஜை லேப் வேலைக்குப் போக நினைக்கும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) படித்தால் கடைசிவரை ரத்தம் எடுக்கிற வேலைதானே என்று கவலைப்படுகிறீர்கள். உங்கள் மகள் கேட்பது நுரையீரல் புற்றுநோய் எலும்பு மஜ்ஜைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பிரிவு. அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பது டாக்டர். ஸ்லைடோடு பக்கத்தில் நிற்பது டெக்னீஷியன். முதலில் வரும் அரை மில்லிக்குள்தான் ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லிசாகத் தேய்க்கும் படலம்) போட வேண்டும்; அதற்குமேல் இழுத்தால் ரத்தம் கலந்து மஜ்ஜை நீர்த்துவிடும். உறைவதற்குள் தேய்த்தாக வேண்டும். புற்றுசெல்கள் கொத்தாக ஸ்மியரின் ஓரத்தில் ஒதுங்கும் என்பதால் லோ பவரில் ஸ்லைடு முழுக்கப் பார்க்கப் பழக வேண்டும். மஜ்ஜை நார்கட்டியிருந்தால் ஊசியில் ஒன்றுமே வராது. அப்போது பயாப்சித் துண்டை (ஊசியால் வெட்டி எடுத்த சிறு எலும்புத் துண்டு) ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போடுமுன் ஸ்லைடில் மெல்ல ஒற்றி எடுத்தால், அந்தத் தடத்திலேயே செல்கள் கிடைக்கும்.

அடுத்தது, துண்டை மெல்லிசாகச் சீவ வசதியாக எலும்பிலிருந்து சுண்ணாம்பை நீக்குவது. பலரும் சறுக்குவது இங்கேதான். கடும் அமிலத்தில் சில மணி நேரத்தில் முடியும். ஆனால் கூடுதலாக ஊறினால் உட்கரு சாயம் பிடிக்காது, டி.என்.ஏ.வும் சிதையும். பிறகு ஈ.ஜி.எஃப்.ஆர். (புற்றுசெல் வளர்ச்சியைத் தூண்டக்கூடிய ஒரு மரபணு) டெஸ்ட் தோற்றுப்போகும். எந்த மாத்திரை கொடுப்பது என்பதே அந்த டெஸ்டைப் பொறுத்தது. ஈ.டி.டி.ஏ. (சுண்ணாம்பை மெதுவாக நீக்கும் ரசாயனம்) கரைசலில் ஓரிரு நாளோ கூடுதலாகவோ ஆகும், டி.என்.ஏ. பிழைக்கும். அவசரப்பட்டுப் பாதியில் எடுத்தாலோ மைக்ரோடோம் (துண்டை மெல்லிசாகச் சீவும் கருவி) பிளேடு துண்டைக் கிழித்துவிடும்.

நுரையீரல் புற்றில் ஸ்மால் செல் வகை, சாதாரண சாயத்தில் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) போலவே தெரியும். ஐ.எச்.சி.யில் (குறிப்பிட்ட புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் டெஸ்ட்) சி.டி.45 என்ற ரத்தச் செல் புரதம் நெகட்டிவ், சினாப்டோஃபைசின் என்ற நரம்புசார் செல் புரதம் பாசிட்டிவ் என்று வந்தால் வழி தெளியும், டி.டி.எஃப்.-1 என்ற புரதமும் பாசிட்டிவ் ஆனால் நுரையீரல் பக்கம் கை காட்டும். கன்ட்ரோல் ஸ்லைடு (விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டு ஸ்லைடு) இல்லாமல் ஓட்டிய ஐ.எச்.சி.யை நம்பக் கூடாது. சைட்டோகெராட்டின் 19 என்ற புரதத்தின் மரபணுத் தடயத்தைத் தேடும் ஆர்.டி.-பி.சி.ஆர். (மிகக் கொஞ்சமான தடயத்தையும் பெருக்கிக் காட்டும் டெஸ்ட்) நுட்பமானதுதான், ஆனால் புற்று இல்லாத மஜ்ஜையிலும் சில சமயம் பாசிட்டிவ் காட்டும், அதை மட்டும் வைத்து யாரும் ரிப்போர்ட் கொடுப்பதில்லை.

கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பேத்தாலஜி (நோய்க்குறியியல்) எம்.டி. படிப்பு நடக்கிறதா, ஐ.எச்.சி. அங்கேயே செய்கிறார்களா, மாணவர்களை மைக்ரோடோமில் உட்கார வைக்கிறார்களா என்று கேளுங்கள். இன்டர்ன்ஷிப்பில் ஹிஸ்டோபேத்தாலஜி (திசுப் பரிசோதனைப் பிரிவு) போஸ்டிங் எத்தனை வாரம் என்பதையும் கேளுங்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் மாதிரி இடங்களில் இத்தகைய மாதிரிகள் வரும்.

ஃபார்மலின் புகையைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம். ஃபியூம் ஹூட் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு) வேலை செய்கிறதா என்று நேரில் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கு; முதல் ஊசியைச் சேரும் முன்பே போட்டுவிடுங்கள்.