விசில் அடிக்கும் டர்போ கார்: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: சத்துவாச்சாரியில் ஒருவர் 2015 மாடல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரை விற்கிறார். 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் விசில் சத்தம் வருகிறது. டர்போ போய்விட்டது என்கிறார் என் மைத்துனர். டர்போ என்றாலே அப்படித்தான் இருக்கும் என்கிறார் விற்பவர். யாரை நம்புவது?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அதற்குள் இருக்கும் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அதனால் மெல்லிய விசில் சகஜம்தான். ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்குகிற ஊளை கேட்டு, கூடவே நீலப் புகையும் வந்து, ஆயிலும் குறைந்தால் மைத்துனர் சொல்வது சரி. 'உஸ்' என்று காற்று பீறிட்டு இழுவையும் குறைந்தால், அநேகமாக அந்தக் காற்று போகும் ஹோஸ் கிழிந்திருக்கும் அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும். அது சின்னச் செலவு.

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள், சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. வாங்க வருபவருக்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைப்பது பழைய தந்திரம். பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரை சைலன்சர் பக்கம் நிற்க வையுங்கள். நீலப் புகை கிளம்பினால் ஆயில் எரிகிறது. கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கில் அளவு குறைந்திருக்கிறதா, ஹோஸ் முனைகளில் கூலன்ட் காய்ந்த கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் கூலன்ட் கசிவை அலட்சியம் செய்தால் அது என்ஜின் தலைப்பகுதியின் இணைப்பை அடைக்கும் ஹெட் கேஸ்கட் வரை இழுத்துவிடும்.

டர்போ பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, ஆயில்தான் அதைக் கொல்கிறது. தாமதமாக மாற்றிய ஆயில் அந்தச் சூட்டில் கரியாகி, டர்போவுக்குப் போகிற மெல்லிய குழாயை அடைத்துவிடும். அதனால் ஓடோமீட்டரைவிட சர்வீஸ் பில்கள் முக்கியம். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன கிரேடு ஆயில் ஊற்றினார்கள் என்று பாருங்கள். பில்லே இல்லை என்றால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள்.

ஆனால் இந்தக் காரில் என் கவலை டர்போ அல்ல, கியர்பாக்ஸ். இதில் இருப்பது 7 கியர் டி.எஸ்.ஜி., அதாவது இரட்டைக் கிளட்ச் வைத்துத் தானாகவே கியர் மாற்றும் பெட்டி; அதிலும் கிளட்ச் ஆயிலில் மூழ்காத உலர் வகை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் இதன் கிளட்ச் சூடேறித் தேயும். கியர் மாற்றும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் பழுதாவதும் தெரிந்த விஷயம். மாற்றுவதானால் செலவு லட்சத்தைத் தொடும். எனவே வண்டியை வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நன்றாக ஊர வையுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறுகிறதா? ரிவர்ஸ் விழத் தாமதமாகிறதா? அப்புறம் பள்ளிகொண்டா டோல் பக்கம் ஒரு ஓட்டம், திரும்பி வந்ததும் மறுபடி அதே நெரிசல். சூடான பிறகுதான் இந்தக் கோளாறு முகம் காட்டும்.

கடைசியாக, ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'எரர் ஒன்றுமில்லை' என்று வந்தால் மட்டும் போதாது. பழைய எரர்களை முந்தின நாள் அழித்திருந்தால், என்ஜினின் சுயபரிசோதனைகள் முடியவில்லை என்று அதே ஸ்கேனர் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: என் 2012 ஸ்விஃப்ட் டீசல் ஏலகிரி மலை ஏறும்போது பிக்கப் இல்லாமல் கரும்புகை கக்குகிறது. டர்போவையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போய்ச் சேரவில்லை என்று பொருள். ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸ், புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி பிடித்திருக்கிறதா என்று மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் படலம் இருப்பது தவறில்லை, தேங்கி நின்றால்தான் கவலை. அடுத்து, ஆறிய வண்டியில் டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, உங்கள் கண் முன்னால் சக்கரத்தைத் தாங்கும் ஷாஃப்டை விரலால் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரம் உறையை உரசியிருந்தாலோ மெக்கானிக் சொன்னது சரிதான். மாற்றுவதானால் ஆயில் குழாயையும் சேர்த்து மாற்றுங்கள். அடைப்பு அப்படியே இருந்தால் புது டர்போவும் அதே கதிக்கு ஆளாகும். கழற்றிய பழையதைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

இன்னொன்று: 2012 வண்டி என்றால் 2027-ல் 15 வருடப் பதிவு முடிகிறது. அதற்குப் பிறகும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஓட்டுவீர்களா என்று முடிவு செய்துவிட்டுச் செலவில் இறங்குங்கள்.

கேள்வி: பெங்களூரில் டர்போ கார்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அங்கே வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: விலையோடு தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் கூட்டிப் பார்த்தீர்களா? அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, பழைய கடன் இருந்தால் அதை நீக்கப் படிவம் 35, எல்லாம் விற்பவரின் கையெழுத்தோடு வேண்டும். என்.ஓ.சி. கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்த ஊர் நெரிசலில் ஓடிய டி.எஸ்.ஜி. வண்டி என்றால் முதல் பதிலில் சொன்ன சோதனையை இரண்டு மடங்கு நேரம் செய்யுங்கள்.